சுழல் கலப்பை ஷாப்ட் உடைகிறதா? ஏற்ற உருக்கைத் தேர்ந்தெடுங்கள்

குற்றாலத்தில் சாரல் விழுந்து சிற்றாற்றில் தண்ணீர் வந்துவிட்டால், தென்காசி, செங்கோட்டைப் பகுதிகளில் கார் பருவ நடவு வேலைகள் மும்முரமாகிவிடும். அம்பை 16 போன்ற குறுகிய கால நெல் ரகங்களை 18 முதல் 22 நாள் நாற்றாக நடவு செய்ய வேண்டும். அந்தச் சமயத்தில் டிராக்டர் சுழல் கலப்பையின் ஷாப்ட் உடைந்து ஐந்தாறு நாட்கள் உழவு நின்றுபோனால் நாற்று முற்றிவிடும், தூர் குறையும், மகசூலும் குறையும். மலையடிவார வயல்களில் சேற்றுக்குள் மறைந்து கிடக்கும் கற்களில் கத்தி மோதுவது இதற்கு ஒரு முக்கிய காரணமாகும்.

கம்பெனி உதிரி பாகம் கிடைத்தால் அதையே மாட்டுவது நல்லது. அவசரத்துக்கு லேத் பட்டறையில் கடையும்போது, "இருப்பதிலேயே கடினமான இரும்பில் செய்து கொடுங்கள்" என்று பலர் கேட்கிறார்கள். இது தவறு. அரம் கடப்பாரையைவிடக் கடினமானது. ஆனால் கல்லில் ஓங்கி அடித்தால் அரம்தான் முறியும். ஷாப்டுக்கு வலுவும் வேண்டும், அடி தாங்கும் தன்மையும் வேண்டும்.

உடைந்த முகத்தைப் பாருங்கள்

1. ஷாப்ட் முறுக்கிக் கொண்டாலோ வளைந்தாலோ, உருக்கு மென்மையானது அல்லது விட்டம் போதவில்லை என்று பொருள்.

2. உடைந்த முகத்தில் பெரும் பகுதி வழவழப்பாக, ஆற்று மணலில் அலை பதிந்தது போன்ற வரிகளுடன் இருந்து, மீதி மட்டும் சொரசொரப்பாக இருந்தால், சிறு விரிசல் நாளடைவில் வளர்ந்து உடைந்திருக்கிறது. சாவிக் குழியின் மூலை, விட்டம் மாறும் இடம், பழைய வெல்டிங் ஆகியவற்றில் இது தொடங்கும். உருக்கை மட்டும் மாற்றினால் இது தீராது.

3. சிறிதும் வளையாமல், முகம் முழுவதும் பளபளக்கும் குருணை போல இருந்தால், ஒரே அடியில் முறிந்திருக்கிறது. அந்த உருக்குக்கு அடி தாங்கும் தன்மை போதாது.

எந்த உருக்கு?

சாதாரண எம்.எஸ். கம்பி ஒரு சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 42 கிலோ இழுவிசை தாங்கும். 0.35 முதல் 0.45 சதம் வரை கார்பன் உள்ள ஈ.என். 8 உருக்கு சுமார் 56 கிலோ தாங்கும். கல் இல்லாத வயல்களுக்கு இதுவே போதும்.

கல் உள்ள நிலங்களுக்கு ஈ.என். 19 அல்லது ஈ.என். 24 ஏற்றது. இரண்டிலும் குரோமியமும் மாலிப்டினமும் உண்டு. ஈ.என். 24-ல் நிக்கலும் இருப்பதால் அடி தாங்கும் தன்மை அதிகம். முறையாக வெப்பப் பதம் செய்த, 'டி' என்று குறிப்பிடப்படும் ஈ.என். 24 கம்பி சுமார் 87 கிலோவுக்கு மேல் தாங்கும். பதம் செய்யாத கம்பியை வாங்கினால் விலைதான் கூடுதல். அந்த வலு கிடைக்காது. பதம் செய்த கம்பியை அப்படியே லேத்தில் கடையலாம். பட்டறையில் பழுக்கக் காய்ச்சி எண்ணெயில் தோய்த்தால் மட்டும் போதாது. அப்படிச் செய்த ஷாப்ட் அரம் போல் முறியும்.

கடையும்போது கவனிக்க வேண்டியவை

பேரிங் இடம் கொடுத்தால் விட்டத்தைக் கூட்டலாம். 35 மி.மீ. ஷாப்டை 40 மி.மீ. ஆக்கினால் முறுக்கைத் தாங்கும் வலு ஏறத்தாழ ஒன்றரை மடங்காகும். விட்டம் மாறும் இடத்தில் மூலையைக் கூராக விடாமல், பேரிங் உட்காரத் தடையில்லாத அளவுக்கு வளைவாகக் கடையச் சொல்லுங்கள். ஈ.என். 19, 24 ஷாப்டுகளில் வெல்டிங் வைக்கக் கூடாது. வெல்டிங்கை ஒட்டிய பகுதி கடினப்பட்டு விரிசல் விடும்.

ஷியர் போல்ட்

குற்றாலம் அருகே ஒரு விவசாயி உயர்ந்த உருக்கில் இருமுறை ஷாப்ட் மாற்றியும் அது உடைந்தது. பார்த்தபோது, பி.டி.ஓ. ஷாப்டில் இருந்த ஷியர் போல்ட்டுக்குப் பதிலாகக் கடினமான போல்ட்டை மாட்டியிருந்தார். கல்லில் மோதும்போது முதலில் அறுந்து மற்ற பாகங்களைக் காப்பதற்காகவே ஷியர் போல்ட் வைக்கப்பட்டுள்ளது. அது அறுந்தால், கம்பெனி குறிப்பிட்ட அதே அளவு, அதே தரமுள்ள போல்ட்டையே மாட்ட வேண்டும். ஸ்லிப் கிளட்ச் உள்ள இயந்திரங்களில் அதை அளவுக்கு மீறி இறுக்கக் கூடாது.

சாரல் தொடங்குமுன், மே மாதத்திலேயே ஷாப்டைத் துடைத்து விரிசல் உள்ளதா என்று பாருங்கள். நான்கைந்து ஷியர் போல்ட்டுகளை வாங்கி வைத்துக்கொண்டால் நடவுக் காலத்தில் உழவு தடைபடாமல் நடக்கும்.