விட்டு விட்டு வரும் வாந்தி



பிள்ளைகள் வாந்தியெடுப்பது தோட்டத்து மக்களுக்குப் புதிய செய்தியன்று. தீபாவளிப் பலகாரத்தைக் கணக்கில்லாமல் தின்றால் வரும். பஸ்ஸில் நெடுந்தூரம் போனால் வரும். இரண்டொரு நாளில் தீர்ந்துவிடும். நாம் இன்று பேச வந்தது வேறொரு வாந்தியைப் பற்றி. அதுவும் தீர்ந்துவிடும், ஆனால் சில வாரம் கழித்து மீண்டும் வரும். அப்படியே வந்து வந்து, பிள்ளையோடு சேர்ந்து வளரும்.

நமது பள்ளியில் இரண்டாம் ஆண்டில் ஒரு பையன் இருந்தான். மாதத்தில் இரண்டு மூன்று நாள் பள்ளிக்கு வரமாட்டான். திரும்பி வரும்போதோ பம்பரம்போல் சுற்றுவான். விளையாட்டுப் போட்டியன்று அவன் இல்லை. பத்துமலைக்குப் பிள்ளைகளை அழைத்துச் சென்ற நாளிலும் இல்லை. நோயாளிப் பிள்ளை மறுநாளே இப்படிக் குதிக்குமா என்று நாம் நினைத்தோம். நினைத்ததோடு நின்றிருக்கலாம். ஒருநாள் வகுப்பிலே எல்லார் முன்பாகவும், "உனக்கு வலிப்பது வயிறா, பள்ளிக்கூடமா?" என்று கேட்டுவிட்டோம். பிள்ளைகள் சிரித்தார்கள். அன்று முதல் அவனுக்குப் "பள்ளிக்கூட வயிறு" என்று பட்டப்பெயர் வந்துவிட்டது. அதைச் சூட்டியவர் நாமே.

அவனுடைய தாயார் செம்பனைக் காட்டில் உதிரிப்பழம் பொறுக்கும் வேலை செய்பவர். மளிகைக்கடையில் கொடுத்த நாள்காட்டியை எடுத்துக்கொண்டு ஒருநாள் பள்ளிக்கு வந்தார். தாம் வேலைக்குப் போகாத நாள்களை அதில் பென்சிலால் வட்டமிட்டு வைத்திருந்தார். சம்பளக் கணக்குச் சரிபார்ப்பதற்காகச் செய்த காரியம் அது. "சார், இந்த நாளெல்லாம் பையனுக்கு வாந்தி வந்த நாள். அவன் பொய் சொல்லல சார்" என்றார். வட்டங்கள் இரண்டிரண்டாக, நாலைந்து வாரத்துக்கு ஒருமுறை, வரிசை தவறாமல் நின்றன. ஒவ்வொரு முறையும் விடியற்காலை நாலு, நாலரை மணிக்குத்தான் தொடங்குமாம். முகம் வெளுத்து, எச்சில் ஊறி, ஒரு மணி நேரத்தில் ஐந்தாறு முறை எடுப்பானாம். வெளிச்சம் பட்டால் கண்ணை மூடிக்கொள்வானாம். இரண்டாம் நாள் மாலையில் நெடுநேரம் தூங்கி எழுந்து, "அம்மா, பசிக்குது" என்பானாம். அத்தோடு சரி.

அந்த நாள்காட்டியை அரசாங்கக் கிளினிக்கில் காட்டும்படி சொன்னோம். அங்கிருந்து பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். குழந்தை மருத்துவர் மற்றச் சோதனைகளையும் செய்தார் என்றாலும், அதிக நேரம் பார்த்தது அந்த வட்டங்களைத்தான் என்று தாயார் பிறகு சொன்னார்.

இந்நோய்க்குச் சுழல் வாந்தி நோய் என்று பெயர். ஆங்கிலத்தில் சைக்கிளிக் வாமிட்டிங் சின்ட்ரோம் என்பார்கள். இது இன்று நேற்று வந்ததன்று. 1882-ஆம் ஆண்டிலேயே லண்டன் மருத்துவர் சாமுவேல் ஜீ, இவ்வாறு விட்டு விட்டு வாந்தியெடுத்த குழந்தைகளைப் பற்றி எழுதியிருக்கிறார். பெரும்பாலும் மூன்று வயதுக்கும் ஏழு வயதுக்கும் இடையில் தொடங்கும், பெரியவர்களுக்கும் வருவதுண்டு. 2008-ஆம் ஆண்டில் வட அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் இதை அறிவதற்குச் சில அடையாளங்களை வகுத்தார்கள். மொத்தம் 5 முறையாவது, அல்லது 6 மாதத்தில் 3 முறையாவது வந்திருக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். இடைப்பட்ட நாள்களில் பிள்ளை நன்றாக இருக்க வேண்டும். வேறு நோய் எதுவும் காரணமாக இருக்கக் கூடாது. நாம் எதைப் பார்த்து அவனைப் பொய்க்காரன் என்று எண்ணினோமோ, அந்த நல்ல நாள்களே நோயின் அடையாளமாக இருந்தன.

வயிற்றில் ஒன்றுமில்லாதபோது வாந்தி ஏன் வருகிறது? வாந்தியெடுக்கக் கட்டளையிடுவது வயிறு அன்று, மூளை. மூளையின் அடிப்பகுதிக்கும் குடலுக்கும் நரம்புத் தொடர்பு இருக்கிறது. இந்நோயில் அந்தத் தொடர்பு காரணமின்றித் தூண்டப்படுகிறது. ஒற்றைத் தலைவலிக்கு இது நெருங்கிய உறவு. இப்பிள்ளைகள் பலரின் குடும்பத்தில், சிறப்பாகத் தாய்வழியில், ஒற்றைத் தலைவலி இருக்கும். நாம் சொன்ன தாயாரும் மாதம் ஒருமுறை தலையில் துணியை இறுகக் கட்டிக்கொண்டு இருட்டறையில் படுப்பவர்தாம். தம் தலைவலியும் மகன் வாந்தியும் ஒரே வேரில் முளைத்தவை என்று அவரிடம் அதுவரை யாரும் சொன்னதில்லை.

நம்மவர்கள் இதைப் பார்த்துக் குடலேற்றம் என்பார்கள். எண்ணெய் தடவி வயிற்றை நீவுவார்கள். தொக்கம் என்று சொல்லி எடுக்கச் செல்வார்கள். மிளகாயும் உப்பும் சுற்றிப் போடுவார்கள். மறுநாள் வாந்தி நின்றுவிடும். தானாக நிற்கும் நோய்க்கு யார் என்ன செய்தாலும் அவர் கைராசிக்காரர் ஆகிவிடுகிறார். சுற்றிப் போடுவதால் கெடுதல் ஒன்றுமில்லை. பாட்டியின் மனம் ஆறும். வயிற்றை அழுத்தி நீவுவதுதான் ஆபத்து. வாந்தி பச்சை நிறமாக வந்தால், அல்லது வயிறு உப்பிக் கடுமையாக வலித்தால், குடல் முறுக்கிக்கொண்டிருக்கக்கூடும். அப்போது ஒரு மணி நேரமும் வீணாக்கலாகாது. இரத்தம் கலந்து வந்தாலும், காய்ச்சலோடு கழுத்து விறைத்தாலும், விடியற்காலையில் தலைவலியோடு வாந்தி வந்து நாளுக்கு நாள் நடை தள்ளாடினாலும் அப்படியே. ஆகவே, இது சுழல் வாந்திதான் என்று நாமே முடிவு கட்டிவிடக் கூடாது. மற்ற நோய்கள் இல்லை என்று மருத்துவர் பார்த்துச் சொன்ன பிறகே அந்தப் பெயரை வைக்க வேண்டும்.

வாந்தி தொடங்கியதும் பிள்ளையை இருட்டான, சத்தமில்லாத இடத்தில் படுக்க வையுங்கள். லயத்து வீட்டில் அப்படியோர் இடம் கிடைப்பது அரிது. ஜன்னலில் ஒரு கைலியைத் தொங்கவிட்டாலும் போதும், பக்கத்து வீட்டில் தொலைக்காட்சியைக் குறைக்கச் சொன்னால் குறைப்பார்கள். சோறு ஊட்டாதீர்கள். கிளினிக்கில் தரும் உப்புச் சர்க்கரைப் பொட்டலத்தைக் கரைத்து, சிறு கரண்டியால் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கொடுங்கள். பொட்டலம் இல்லையென்றால், கொதித்தாறிய 1 லிட்டர் நீரில் தட்டையாக 6 தேக்கரண்டி சீனியும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைக்கலாம். உப்பு மட்டும் கூடவே கூடாது. சில பிள்ளைகள் வாந்தியெடுத்தால் சற்று இதமாக இருக்கிறது என்று தண்ணீரை மடமடவென்று குடித்துவிட்டு எடுப்பார்கள். அதுவும் நோயின் குணமே, அடிக்காதீர்கள். வாந்திக்குப் பின் வாயை வெறும் நீரால் கொப்பளிக்கச் சொல்லுங்கள். உடனே பல் துலக்கினால், புளித்த அமிலத்தால் இளகிய பல் தேய்ந்துவிடும். நாக்கு வறண்டு, கண் குழிந்து, ஆறு எட்டு மணி நேரம் சிறுநீர் போகாமல் இருந்தால், பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விடுங்கள். அங்கே சர்க்கரை கலந்த உப்பு நீரை நரம்பில் ஏற்றி, வாந்தியை அடக்கும் மருந்தும் கொடுப்பார்கள். அடிக்கடி வருபவர்களுக்கு, வராமல் தடுக்கத் தினமும் உட்கொள்ளும் மருந்துகளும் உண்டு.

எதனால் கிளம்புகிறது என்பதைக் கண்டுபிடிப்பது பெற்றோர் வேலை. சளிக் காய்ச்சல், தூக்கக் குறைவு, வெறும் வயிறு, வெயில், நெடும் பயணம் ஆகியவை சாதாரணக் காரணங்கள். பயம் மட்டுமன்று, மிகுந்த மகிழ்ச்சியும் ஒரு காரணம். பத்துமலைப் பயணத்தை எண்ணிப் பாருங்கள். முதல் நாள் இரவு ஆசையில் தூக்கமில்லை. மூன்று மணிக்கு எழுப்பியாகிவிட்டது. பசியாறாமல் பஸ் ஏறுகிறான். இத்தனையும் ஒன்றுசேர்ந்தால் வாந்தி வராமல் என்ன செய்யும்? அவன் போக மனமில்லாமல் படுத்தவனல்லன். போக வேண்டும் என்ற ஆசையே அவனைப் படுக்க வைத்தது.

தோட்டத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. தாயும் தகப்பனும் இருட்டோடு வேலைக்குப் போய்விடுவதால், பிள்ளை முதல் நாள் இரவு ஏழு மணிக்கு உண்டதோடு பள்ளி இடைவேளை வரை பட்டினி கிடக்கிறது. படுக்கும் முன் ஒரு ரொட்டித் துண்டு, எழுந்ததும் ஒரு கோப்பை மைலோ என்று மருத்துவர் சொன்னார். மருந்தோடு இதையும் தாயார் விடாமல் செய்தார்.

வளர வளர என்ன ஆகும்? பலருக்குப் பதின்ம வயதில் நின்றுவிடுகிறது. சிலருக்கு வாந்தி போய் ஒற்றைத் தலைவலி அந்த இடத்தில் வந்து உட்காரும். சிலருக்குப் பெரியவரான பின்னும் தொடரும். பெண்களுக்கு மாதவிலக்கை ஒட்டி வருவதுண்டு. நெடுங்காலம் கஞ்சா புகைக்கும் இளைஞர்களுக்கும் இதே போன்ற வாந்தி வரும். அவர்களுக்கு மருந்து, கஞ்சாவை விடுவதுதான்.

அவன் இப்போது ஐந்தாம் ஆண்டில் படிக்கிறான். பட்டப்பெயரை வகுப்பின் முன்னே நாமே திரும்பப் பெற்றுக்கொண்டோம். பிள்ளைகள் மறந்துவிட்டார்கள், அவன் மறந்தானா என்று கேட்கத் துணிவில்லை. வராத நாளின் பாடங்களை ஒரு நோட்டில் எழுதி, பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் கொடுத்தனுப்புகிறோம். போன ஆண்டு நாள்காட்டியில் ஒன்பது வட்டங்கள் இருந்தன. இந்த ஆண்டு ஆகஸ்டு வரை நான்கு. அவற்றில் ஒன்று, தமக்குக் காய்ச்சல் வந்த நாள் என்று தாயார் சொன்னார்.