பறவைகளுக்குத் தாய் வீடு!
மரத்தில் இருந்து விழும் குஞ்சுகளைக் காப்பாற்றிய கிராமத்து இளைஞர்கள்

பெங்களூர்-மைசூர் ரோட்டில் சென்னப்பட்டணத்தைத் தாண்டியதும் ருத்ராட்சிபுரம் வரும். அங்கே திரும்பி சுமார் 12 கிலோ மீட்டர் போனால் கொக்கரே பெள்ளூர். மண்டியா மாவட்டம் மத்தூர் தாலுகாவைச் சேர்ந்த சின்னஞ்சிறு கிராமம். அருகில் சிம்ஷா ஆறு ஓடுகிறது.

கன்னடத்தில் "கொக்கரே" என்றால் நாரை. பெயரிலேயே பறவையைச் சுமந்து கொண்டிருக்கிறது இந்த ஊர்.

மார்கழிக் குளிர் தொடங்கும்போது கூழைக்கடாக்களும், மஞ்சள் மூக்கு நாரைகளும் இங்கே கூட்டம் கூட்டமாக வந்து இறங்குகின்றன. காட்டுக்குள் அல்ல, நடு ஊருக்குள்! வீட்டு வாசலில் நிற்கும் புளிய மரத்திலும், கொல்லைப்புறத்து அத்தி மரத்திலும் கூடு கட்டுகின்றன. கீழே மாடு கட்டி இருக்கும், பெண்கள் பாத்திரம் துலக்குவார்கள், பிள்ளைகள் விளையாடும். மேலே பறவை அடைகாக்கும். ஒன்றுக்கு ஒன்று பயம் இல்லை.

பிரசவத்துக்குத் தாய் வீடு வந்த மகள்களாகவே இந்தப் பறவைகளை ஊர் மக்கள் கருதுகிறார்கள். மகளை யாராவது விரட்டுவார்களா? பறவை வராத ஆண்டு ஊருக்கு ஆகாது என்பது பெரியவர்களின் நம்பிக்கை. முன்பு ஆற்றங்கரையில் இருந்த ஊர், பிளேக் நோய்க்குப் பயந்து இடம் மாறியபோது, பறவைகளும் கூடவே வந்து விட்டன என்று சொல்கிறார்கள்.

புளியா? பறவையா?

ஆனால், பாசம் மட்டும் வயிற்றை நிரப்பாது. புளி பழுக்கும் காலமும், குஞ்சு வளரும் காலமும் ஒன்றாக வந்து விடுகின்றன. மரம் ஏறிப் புளி உலுக்கினால் கூடு கலையும். உலுக்காமல் விட்டால் வருமானம் போகும். ஏழை விவசாயிக்கு இது சின்ன விஷயம் அல்ல.

1976-ம் ஆண்டில் வனத்துறை அதிகாரி எஸ்.ஜி.நெகின்ஹால் இந்த ஊரின் பெருமையை வெளி உலகின் கவனத்துக்குக் கொண்டு வந்தார். அதன் பிறகு, புளியைப் பறிக்காமல் விடும் மரச் சொந்தக்காரர்களுக்கு வனத்துறை நஷ்ட ஈடு கொடுக்கத் தொடங்கியது.

பறவைகளும் சும்மா இருப்பது இல்லை. மரத்தடியில் குழி வெட்டி, ஏரி வண்டலைப் பரப்பி வைக்கிறார்கள். அதில் விழும் எச்சம் வயலுக்கு நல்ல உரமாகிறது.

கீழே விழுந்த குஞ்சுகள்

காற்று பலமாக அடித்தாலும், கூட்டுக்குள் குஞ்சுகள் முட்டி மோதினாலும் சில குஞ்சுகள் கீழே விழுந்து விடும். விழுந்த குஞ்சைத் தாய்ப் பறவை தூக்கிச் செல்ல முடியாது. நாய்க்கு இரையாகும், அல்லது பட்டினியால் சாகும்.

இதற்கு ஒரு வழி பிறந்தது 1994-ம் ஆண்டில். மைசூரைச் சேர்ந்த இயற்கை ஆர்வலர்கள் ஊர் இளைஞர்களைச் சேர்த்து, "ஹெஜ்ஜார்லே பளகா" என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். "ஹெஜ்ஜார்லே" என்றால் கூழைக்கடா, "பளகா" என்றால் சுற்றம். அதாவது, கூழைக்கடாவின் சொந்தக்காரர்கள்!

விழுந்த குஞ்சுகளை எடுத்து வந்து, வேலி போட்ட இடத்தில் வைத்து, மீன் வாங்கிப் போட்டு வளர்த்தார்கள். சிறகு முளைத்ததும் பறக்க விட்டார்கள். அவர்கள் யாரும் பெரிய படிப்பு படித்த விஞ்ஞானிகள் அல்ல. வயல் வேலை பார்க்கும் கிராமத்துப் பிள்ளைகள்.

2007-ம் ஆண்டில் அரசு இந்த ஊரை "சமுதாயப் பறவைக் காப்பகம்" என்று அறிவித்தது.

புதிய ஆபத்து

இருந்தும் கவலை தீரவில்லை. 2017 டிசம்பரில் தொடங்கி, அடுத்த சில மாதங்களில் 40-க்கும் மேற்பட்ட கூழைக்கடாக்கள் செத்து விழுந்தன. பரிசோதித்தபோது வயிற்றில் உருளைப் புழுக்கள் இருந்தன. ஏரி கெட்டால் மீன் கெடும், மீன் கெட்டால் பறவை சாகும்.

பழைய மரங்களும் குறைந்து வருகின்றன. நஷ்ட ஈட்டை விட, மரத்தை வெட்டி விற்றால் கூடுதல் பணம் கிடைக்கும் என்ற நிலை வந்தால், யாரைக் குறை சொல்வது? ஆபத்தை நெருங்கும் இனம் என்று சர்வதேசப் பட்டியலில் இடம் பெற்றுள்ள கூழைக்கடாவின் கதி, ஒரு விவசாயியின் புளிய மரத்தில் தொங்குகிறது.

நாம் என்ன செய்யலாம்?

நம் நெல்லை மாவட்டம் கூந்தன்குளத்திலும் இதே பறவைகள் ஊருக்குள் கூடு கட்டுகின்றன. அங்கே தீபாவளிக்குக் கூட வெடி வெடிப்பது இல்லை. அந்தக் கட்டுப்பாடு நமக்குப் புதிது அல்ல.

பெங்களூரில் இருந்து கொக்கரே பெள்ளூர் சுமார் 80 கிலோ மீட்டர். ரயிலில் போகிறவர்கள் மத்தூரில் இறங்கிச் செல்லலாம். போகிறவர்கள் சத்தம் போடாமல், மரத்தடியில் கூட்டம் கூடாமல், பிளாஸ்டிக் குப்பை போடாமல் வந்தாலே பாதி உதவி. வீட்டுக்காரரைக் கேட்காமல் அவர் கொல்லைக்குள் நுழையவும் கூடாது.

இன்னும் செய்ய விரும்புகிறவர்களுக்கு வேலை இருக்கிறது. ஆண்டுதோறும் ஜனவரியில் ஆசிய நீர்ப்பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. ஏரிக்கரையில் நின்று பறவைகளை எண்ணுகிறவர்களில் பலர் தொண்டர்களே. சொந்தப் பேட்டையில் உள்ள ஏரியில் சாக்கடை கலக்காமல் பார்த்துக் கொள்வதும் பறவைக்குச் செய்யும் தொண்டுதான்.

மகள் ஆண்டுதோறும் தாய் வீடு தேடி வருகிறாள். வாசலில் மரம் இருக்க வேண்டும். ஏரியில் நல்ல மீன் இருக்க வேண்டும். அவள் கேட்பது அவ்வளவுதான்.