பூனைக்காலி விதையும் கை நடுக்கமும்

பெங்களூர் அல்சூரில் எங்கள் எழுத்தறிவு மையத்துக்கு ஒரு பெரியவர் வருகிறார். பூக் கட்டுவது அவர் தொழில். நோட்டில் முதல் எழுத்தைப் பெரிதாக எழுதுவார். வரி முடிவதற்குள் எழுத்து கடுகு போலச் சிறுத்துவிடும். மடியில் சும்மா இருக்கும்போதே கை நடுங்கும். தெருவில் "குடிகாரர்" என்றார்கள். அவர் ஒரு சொட்டுக்கூடக் குடிப்பதில்லை.

இது ஒரு நோய். 1817-ல் ஜேம்ஸ் பார்க்கின்சன் என்ற லண்டன் டாக்டர் இதைப் பற்றி எழுதினார். அதனால் பார்க்கின்சன் நோய் என்று பெயர். ஆயுர்வேதத்தில் கம்பவாதம் என்பார்கள்.

இது ஏன் வருகிறது? நம் மூளையில் டோபமைன் என்ற பொருள் சுரக்கிறது. கை கால் சரியாக அசைய அது வேண்டும். அதைச் சுரக்கும் செல்கள் அழிந்தால் நடுக்கம் வரும். நடை தளரும். உடம்பு விறைக்கும்.

டோபமைனையே மாத்திரையாகக் கொடுக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். அது ரத்தத்திலிருந்து மூளைக்குள் போகாது. லெவோடோபா என்ற பொருள் போகும். உள்ளே போய் டோபமைனாக மாறும்.

அந்த லெவோடோபா பூனைக்காலி விதையில் இருக்கிறது! வேலியில் படரும் கொடிதான். காயின் சுணை பட்டால் அரிப்பு உயிரை வாங்கும். கன்னடத்தில் நசுகுன்னி என்பார்கள். 1937-ல் சென்னையில் தாமோதரன், ராமசாமி என்ற இரண்டு விஞ்ஞானிகள் இந்த விதையிலிருந்து லெவோடோபாவைப் பிரித்து எடுத்தார்கள். 1960-களில்தான் அது இந்த நோய்க்கு மருந்தானது.

நம் பெரியவரிடம் சொந்தக்காரர் ஒருவர், "விதை இருக்க மாத்திரை எதற்கு?" என்றார். பெரியவர் மாத்திரையை நிறுத்தினார். நாட்டு மருந்துக் கடையில் பொடி வாங்கிச் சாப்பிட்டார். நாலாம் நாள் பாயை விட்டு எழ முடியவில்லை.

விதை பொய்யா? இல்லை. 2004-ல் லண்டன் டாக்டர்கள் 8 நோயாளிகளுக்கு விதைப்பொடியை அளந்து கொடுத்துப் பார்த்தார்கள். மாத்திரையை விடச் சீக்கிரம் வேலை செய்தது. ஆனால் கடைப் பொடியில் மருந்து எவ்வளவு? ஒரு விதையைப் போல இன்னொன்று இருக்காது. குறைந்தால் உடம்பு விறைக்கும். கூடினால் வாந்தி, தலைசுற்றல், மனக்குழப்பம் வரும். மாத்திரையில் கார்பிடோபா என்ற துணை மருந்தும் உண்டு. லெவோடோபா வழியிலேயே வீணாகாமல் அது காக்கும். பொடியில் அது இல்லை. மாத்திரையைத் திடீரென்று நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. பொடி சாப்பிட்டால் டாக்டரிடம் மறைக்காதீர்கள்.

எல்லா நடுக்கமும் இந்த நோய் அல்ல. தைராய்டு கோளாறாலும் சில மருந்துகளாலும் கை நடுங்கும். ஓசூர் ரோட்டில் நிம்ஹான்ஸ் அரசு மருத்துவமனை இருக்கிறது. அங்கே நரம்பு டாக்டர்கள் பார்ப்பார்கள்.

பெரியவர் இப்போது பழையபடி மாத்திரை சாப்பிடுகிறார். நோய் போகவில்லை. ஆனால் மாத்திரை போட்டு ஒரு மணி நேரம் கழித்துக் கை நன்றாக வரும். அந்த நேரம் பார்த்து வகுப்புக்கு வருகிறார். நேற்று தன் பெயரைக் கடைசி எழுத்து வரை ஒரே அளவில் எழுதினார்.