பிள்ளையை மேடையேற்றும் முன்: தோட்டத்துப் பெற்றோர் அறிய வேண்டியவை

ஏப்ரல் பிறந்தால் ஊவா மலைநாட்டில் புத்தாண்டு விழாக்களுக்குக் குறைவில்லை. மைதானத்தில் ஒலிபெருக்கி கட்டியதும் கயிறிழுத்தல், முட்டி உடைத்தல், வழுக்கு மரம் ஏறுதல், தலையணைச் சண்டை, யானைக்குக் கண் வைத்தல் என்று நிகழ்ச்சிகள் வரிசையாக நடக்கும். மாலையில் புத்தாண்டு அழகித் தெரிவு. பெரியவர்களுக்கான அந்தப் போட்டியோடு பல இடங்களில் இப்போது சிறுவர் பிரிவும் சேர்ந்துவிட்டது. நான்கைந்து வயதுப் பிள்ளைகள் உதட்டுச்சாயம் பூசி, நெற்றிச்சுட்டி கட்டி, மார்பில் இலக்கம் குத்திக்கொண்டு நடுவர்கள் முன்னால் நடந்து காட்டுகிறார்கள். விழா முடிந்து சனம் லயத்துக்குத் திரும்பும் முன்பே அந்தப் படங்கள் பேஸ்புக்கில் ஏறிவிடுகின்றன.

ஏற்பாடு செய்பவர்களில் பெரும்பாலானோர் பிள்ளைகளை மகிழ்விக்கவே இதைச் செய்கிறார்கள். மகளை அலங்கரித்துப் பார்க்கும் தாயின் ஆசையிலும் குற்றமில்லை. மேடைக் கூச்சம் போகும், நாலு பேர் முன்னால் நிற்கும் துணிவு வரும் என்று ஆதரிப்பவர்கள் சொல்வதிலும் உண்மை உண்டு. ஆனால் பாட்டுக்கும் பேச்சுக்கும் ஓட்டத்துக்கும் பரிசு கொடுப்பது ஒன்று. முகத்துக்கும் நிறத்துக்கும் உடல்வாகுக்கும் பரிசு கொடுப்பது வேறொன்று. ஓட்டத்தில் தோற்ற பிள்ளை அடுத்த வருடம் பழகிவந்து வெல்லலாம். அழகில் தோற்றதாகச் சொல்லப்பட்ட பிள்ளை எதைப் பழகுவது?

மற்ற நாடுகள் எடுத்த முடிவு

பிள்ளைகளின் அழகுக்குப் பரிசு கொடுக்கலாமா என்ற கேள்வியைப் பிரான்ஸ் நாடாளுமன்றம் வரை கொண்டுபோனது. 2010 இன் இறுதியில் அங்குள்ள ஒரு முன்னணி நாகரிகச் சஞ்சிகை பத்து வயதுச் சிறுமியை வளர்ந்த பெண்ணைப் போல் அலங்கரித்துப் படம் வெளியிட்டது. எழுந்த எதிர்ப்பையடுத்து, முன்னாள் அமைச்சர் சாந்தால் ஜுவான்னோ 2012 இல் ஓர் அறிக்கை தயாரித்தார். சிறுமிகளை வயதுக்கு மீறிய கவர்ச்சிப் பொருளாக்கும் போக்கை அது கண்டித்தது. 2013 செப்டம்பரில் செனட் சபை 16 வயதுக்கு உட்பட்டோரின் அழகுப் போட்டிகளைத் தடைசெய்யும் திருத்தத்துக்கு 197க்கு 146 என்ற வாக்குகளால் ஆதரவளித்தது. 2014 ஒகஸ்டில் பிரகடனப்படுத்தப்பட்ட இறுதிச் சட்டம் சற்றுத் தளர்ந்தது: 13 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு முழுத் தடை, அதற்கு மேல் 16 வரை அனுமதி பெற்றே நடத்தலாம்.

அமெரிக்காவில் குழந்தை அழகுப் போட்டி பெரிய வியாபாரம். பால்பல் விழுந்த இடைவெளியை மறைக்கப் பொய்ப்பல், தோலுக்குச் செயற்கை நிறம், ஒட்டுமுடி என்று பிள்ளைகளை அலங்கரிக்கும் கோலத்தை 2009 இல் தொடங்கிய ஒரு தொலைக்காட்சித் தொடர் உலகத்துக்கே காட்டியது. அதற்கும் முன்பு, 1996 டிசம்பரில், கொலராடோ மாநிலத்தில் இப்படிப்பட்ட போட்டிகளில் வென்றிருந்த ஆறு வயதுச் சிறுமி தன் வீட்டிலேயே கொலை செய்யப்பட்டாள். கொலையாளி இன்றுவரை தண்டிக்கப்படவில்லை. போட்டிதான் அவள் சாவுக்குக் காரணம் என்று எவரும் நிரூபிக்கவில்லை. ஆனால் அலங்கார உடையில் அவள் நடந்த காணொளிகள் ஆண்டுக்கணக்கில் தொலைக்காட்சிகளில் ஓடின. எடுத்த படம் யாரிடம் போகும், எவ்வளவு காலம் இருக்கும் என்பது குடும்பத்தின் கையில் இல்லை என்பதை அந்தச் சம்பவம் காட்டியது.

இந்தியாவில் குழந்தைக் கலைஞர்களுக்கு 2017 ஆம் ஆண்டு விதிகள் உண்டு. ஒரு நாளில் ஐந்து மணிநேரத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாது. ஓய்வின்றித் தொடர்ந்து மூன்று மணிநேரத்தைத் தாண்டக்கூடாது. வருமானத்தில் குறைந்தது 20 வீதம் பிள்ளையின் பெயரில் வங்கியில் வைப்பிலிட வேண்டும். நடனப் போட்டி நிகழ்ச்சிகளில் பிள்ளைகளை வயதுக்கு ஒவ்வாத அசைவுகளோடு காட்டவேண்டாம் என்று 2019 ஜூனில் இந்திய அரசு தொலைக்காட்சிகளுக்கு அறிவுறுத்தியது.

மனநலத் தரப்பில் அமெரிக்க உளவியல் சங்கம் 2007 இல் வெளியிட்ட அறிக்கை முக்கியமானது. சிறுமிகளைக் கவர்ச்சிப் பொருளாகப் பார்க்கும் பழக்கம் உணவுண்ணல் கோளாறு, தன்மதிப்புக் குறைவு, மனச்சோர்வு ஆகியவற்றோடு தொடர்புடையது என்றது அது. 2005 இல் வெளியான ஒரு சிறிய ஆய்வு, சிறுவயதில் அழகுப் போட்டியில் பங்கேற்ற பெண்களை மற்றவர்களோடு ஒப்பிட்டது. பங்கேற்றவர்களிடம் தம் உடல்மீது அதிருப்தியும் பிறர்மீது நம்பிக்கையின்மையும் கூடுதலாக இருந்தன. மனச்சோர்வில் வேறுபாடு தெரியவில்லை. ஒரு போட்டியில் நின்றதால் மட்டும் பிள்ளை கெட்டுப்போகும் என்று பயமுறுத்த இந்த ஆய்வுகள் இடம்தரவில்லை. தோற்றத்தை வைத்தே தன்னை எடைபோடப் பிள்ளையைப் பழக்குவதுதான் ஆபத்து.

தோட்டத்துக்கு என்ன விசேஷம்?

ஊவாவின் பூனாகலை போன்ற தோட்டங்களில் இந்த ஆபத்து வேறு முகங்களோடு வருகிறது. முதலாவது நிறம். கறுப்பு என்று சொல்லிப் பிள்ளையைக் கேலி செய்வதை நம் வீடுகளே இன்னும் விடவில்லை. அழகுப் போட்டி அந்தக் கேலிக்கு நடுவர் முத்திரை குத்துகிறது. அதன் அடுத்த படி வெள்ளையாக்கும் கிரீம். அத்தகைய கிரீம்கள் சிலவற்றில் பாதரசம் கலந்திருப்பதாகவும் அது சிறுநீரகத்தைப் பாதிக்கும் என்றும் உலக சுகாதார அமைப்பு எச்சரித்துள்ளது. பெயர் விபரம் இல்லாத கிரீமைப் பிள்ளையின் முகத்தில் பூசவே கூடாது.

இரண்டாவது படம். பிள்ளையின் பெயர், தோட்டம், டிவிஷன், படிக்கும் பாடசாலை எல்லாம் படத்துக்குக் கீழே எழுதப்படுகின்றன. 'அதிக லைக் வாங்கும் குழந்தைக்குப் பரிசு' என்று முகநூலில் நடக்கும் போட்டிகளுக்குப் பெற்றோரே படம் அனுப்பி, வட்ஸ்அப் குழுக்களில் வாக்குக் கேட்கிறார்கள். சாதாரண முகப்படத்தை வைத்து ஆபாசப் படம் செய்யச் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் வந்துவிட்ட காலம் இது. 2023 இல் பிரித்தானியாவின் இணையக் கண்காணிப்பு அமைப்பொன்று ஒரேயொரு மறைமுகத் தளத்தில், ஒரே மாதத்தில் பகிரப்பட்டிருந்த, செயற்கை நுண்ணறிவால் உருவாக்கிய 20,254 படங்களைக் கண்டறிந்தது.

இடர்க்காலத்தில் படத்தால் வரும் இந்த ஆபத்து இன்னும் கூடும். 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையை மண்சரிவு மூடியபோது, காலையிலேயே பாடசாலைக்குப் புறப்பட்டதால் உயிர்தப்பிய பிள்ளைகள் பலர். 2023 மார்ச்சில் பூனாகலை கபரகலைப் பிரிவில் மண் சரிந்து குடும்பங்கள் லயங்களை விட்டு இடம்பெயர்ந்தன. அப்படியான வேளைகளில் உதவி வரும், கூடவே கெமராவும் வரும். நிவாரணப் பொதியோடு பிள்ளையை நிறுத்திப் படமெடுப்பதும் பிள்ளையைக் காட்சிப்பொருளாக்குவதுதான். பொதியை வாங்கிக்கொண்டு படத்தை மறுக்கப் பெற்றோருக்கு முழு உரிமை உண்டு.

மூன்றாவது, வாக்குறுதியோடு வரும் அந்நியர். 'பிள்ளை நல்ல வடிவு, விளம்பரத்துக்குச் சேர்க்கலாம், கொழும்புக்குக் கூட்டிப்போகிறோம்' என்ற பேச்சை நம்பவேண்டாம். நகரத்து வாய்ப்பு என்று தரகர் சொன்னதை நம்பிப் பிள்ளையை அனுப்பிய குடும்பங்கள் பட்ட துயரம் மலையகத்துக்குப் புதிதல்ல. 2021 ஜூலையில், டயகம தோட்டத்திலிருந்து தரகர் மூலம் கொழும்புக்கு வீட்டு வேலைக்குப் போன 16 வயதுச் சிறுமி தீக்காயங்களுடன் வைத்தியசாலையில் உயிரிழந்தாள். அந்த மரணம் நாட்டையே உலுக்கியது. வேலைக்கமர்த்தக்கூடிய ஆகக்குறைந்த வயதை 14 இலிருந்து 16 ஆக உயர்த்திய சட்டம் அதே ஆண்டின் தொடக்கத்தில்தான் வந்திருந்தது.

சட்டம் என்ன சொல்கிறது?

பிரான்ஸில் உள்ளதைப் போல அழகுப் போட்டிக்கென்று வயது வரம்பு விதிக்கும் சட்டம் இலங்கையில் இல்லை. ஆனால் எல்லை மீறினால் தண்டிக்கச் சட்டம் உண்டு.

1995 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கத் திருத்தம் தண்டனைச் சட்டக்கோவையில் 286அ பிரிவைச் சேர்த்தது. ஆபாசமான அல்லது இழிவான காட்சியில் தோன்றவோ, அத்தகைய படத்துக்கு நிற்கவோ 18 வயதுக்குக் குறைந்த ஒருவரைத் தூண்டுவதும் பயன்படுத்துவதும், அப்படங்களை விற்பதும் பகிர்வதும் அதன்படி குற்றம். இதற்கு இடம்கொடுக்கும் பெற்றோரும் பாதுகாவலரும்கூடக் குற்றவாளிகளே. தண்டனை இரண்டு முதல் பத்து ஆண்டுச் சிறை. பிள்ளைக்கு உடல், உளத் துன்பம் விளைவிக்கும் கொடுமையை 308அ பிரிவு தண்டிக்கிறது.

இலங்கை 1991 இல் ஏற்ற ஐ.நா. சிறுவர் உரிமைகள் சமவாயம் இன்னும் விரிவானது. பிள்ளையின் நலனே முதன்மை (உறுப்புரை 3), பிள்ளையின் கருத்தைக் கேட்க வேண்டும் (12), பிள்ளைக்கும் அந்தரங்கம் உண்டு (16), பாலியல் சுரண்டலிலிருந்து காக்கவேண்டும் (34) என்கிறது அது. 2022 ஆம் ஆண்டின் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் சிறுவர் தொடர்பான தரவுகளை விசேட பாதுகாப்புக்குரிய வகையில் சேர்த்திருக்கிறது.

ஏதாவது நடந்துவிட்டால்

முதல் வேலை பிள்ளையைத் திட்டாமல், அடிக்காமல் கேட்பது. 'நீ ஏன் போனாய்?' என்ற கேள்வி பிள்ளையின் வாயை அடைத்துவிடும்.

அழைக்க வேண்டிய இலக்கம் 1929. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலவசச் சேவை இது. 24 மணிநேரமும் தமிழிலும் பேசலாம். பொலிஸ் சிறுவர் மற்றும் மகளிர் பணியகத்தை 109 இல் அழைக்கலாம், அவசரமென்றால் 119. நேரில் போவதானால் பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் இருக்கிறார்.

தமிழில் முறைப்பாடு செய்வது சலுகையல்ல, அரசியலமைப்பு தந்த உரிமை. பண்டாரவளை, ஹப்புத்தளை, ஹல்துமுல்ல ஆகிய பிரதேச செயலகப் பிரிவுகள் இருமொழி நிர்வாகப் பிரிவுகளாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டவை. புரியாத மொழியில் எழுதிய வாக்குமூலத்தில் கையெழுத்திட வேண்டாம். வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். முறைப்பாட்டு இலக்கத்தையும் திகதியையும் கேட்டு வாங்குங்கள். பொலிஸ் முறைப்பாட்டை ஏற்க மறுத்தால் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பதுளைப் பிராந்திய அலுவலகத்தை நாடலாம். வழக்குப் பேச வசதியில்லாதவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது.

பாலியல் வன்கொடுமை என்ற சந்தேகம் இருந்தால் பிள்ளையைக் குளிப்பாட்டாமல், உடுப்பைத் துவைக்காமல் உடனே அரசாங்க வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும். சட்ட வைத்திய அதிகாரியின் பரிசோதனை வழக்குக்கு மிக அவசியம். சிறுவர் சாட்சியின் முதல் நேர்காணலை ஒளிப்பதிவு செய்து சாட்சியமாக ஏற்க 1999 ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்திருக்கிறது. பிள்ளையை ஒவ்வொரு மேசையிலும் கதை சொல்ல வைக்காமல் இந்த வசதியைக் கேட்டுப் பெறவேண்டும்.

படம் தவறாகப் பயன்பட்டால் கணக்கின் பெயர், இணைப்பு, திகதி, நேரம் ஆகியவற்றைக் குறித்துவையுங்கள். மிரட்டுபவருக்குப் பணம் அனுப்பவேண்டாம். அந்தப் படத்தை 'பாருங்கள் என்ன செய்திருக்கிறான்' என்று எவருக்கும் அனுப்பவும் கூடாது. அது பகிர்ந்த குற்றமாகிவிடும். 18 வயதுக்குக் குறைந்தவர்களின் நிர்வாணப் படங்களை நீக்க உதவும் 'டேக் இட் டவுன்' என்ற இலவச இணையச் சேவை 2023 முதல் இயங்குகிறது. படத்தைப் பதிவேற்றாமலே அதன் அடையாளக் குறியீட்டை மட்டும் கொடுத்து முறையிடலாம்.

விழாக்குழுவினருக்கு

தோட்டத்துப் பிள்ளைக்கு மேடை வேண்டும், தாராளமாக வேண்டும். அகில இலங்கைத் தமிழ்மொழித் தினப் போட்டிகளில் பேச்சும் இசையும் நடனமும் உண்டு. மாசி மாதத்தில் தோட்டங்களில் ஆடப்படும் காமன் கூத்து, நிறத்தைப் பார்க்காமல் ஆட்டத்தையும் பாட்டையும் பார்த்துப் பிள்ளைகளை வளர்த்த மேடை. வினோதவுடைப் போட்டி நடத்துங்கள், ஆனால் கற்பனைக்குப் புள்ளி போடுங்கள். முன்பள்ளிப் பிள்ளைகளுக்கு இடம் ஒன்று, இரண்டு என்று பிரிக்காமல் எல்லோருக்கும் பரிசு கொடுங்கள்.

உடை மாற்றும் இடத்தில் தாயோ ஆசிரியையோ இருக்கட்டும். கெமரா அங்கே வேண்டாம். படம் வெளியிடப் பெற்றோரின் எழுத்துமூலச் சம்மதமும் பிள்ளையின் விருப்பமும் தேவை. பெயரும் தோட்டமும் பாடசாலையும் படத்தோடு சேர்ந்து வரக்கூடாது. 'எனக்கு வேண்டாம்' என்று பிள்ளை மேடையடியில் அழுதால் அத்தோடு விடுங்கள்.

வரும் ஏப்ரலுக்கு நிகழ்ச்சி நிரல் எழுத உட்காரும் தோட்ட இளைஞர் மன்றங்களுக்கும் ஆலயக் குழுக்களுக்கும் முன்பள்ளி ஆசிரியைகளுக்கும் ஒரு வேண்டுகோள். சிறுவர் அழகுத் தெரிவை நிரலிலிருந்து எடுத்துவிடுங்கள். அந்த நேரத்தைப் பாட்டுக்கும் கதைக்கும் விளையாட்டுக்கும் கொடுங்கள். அழைப்பிதழின் கடைசி வரியில் 1929 என்ற இலக்கத்தை அச்சிடுங்கள்.