பல்லாங்குழி ஆடினால் பழைய கதை வெளிவரும்!

பட்டாசு வெடித்தால் தாய் நடுங்குகிறாள். கூடவே மகளும் நடுங்குகிறாள். தாய் குண்டுவீச்சைக் கண்டவள். மகளோ போரைப் பார்த்ததே இல்லை. பிறகு அவளுக்கு ஏன் பயம்?

தாயைப் பார்த்துத்தான்!

போரின் காயம் ஓர் ஆளோடு நிற்பதில்லை. குடும்பத்தையும் ஊரையும் பற்றிக்கொள்கிறது. யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் பணிபுரிந்த மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் இதை விரிவாக எழுதியிருக்கிறார்.

தூத்துக்குடியை அடுத்த மாப்பிள்ளையூரணியில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் இருக்கிறது. 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின் கடல் தாண்டித் தமிழகம் வந்தவர்கள் பல்லாயிரம் பேர். அவர்களுக்காக ஏற்பட்ட முகாம்களில் இதுவும் ஒன்று. 'அகதிகள் முகாம்' என்ற பெயரை 2021-ல் அரசு மாற்றியது. பெயர் மாறியது. மனத்தில் இருப்பது அத்தனை சுலபமாக மாறுமா?

முகாமில் பிறந்த பிள்ளைகள் வளர்ந்து, இன்று பெற்றோராகவும் ஆகிவிட்டார்கள். அம்மம்மாவின் வீடு எப்படி இருந்தது? படகில் ஏறிய இரவில் என்ன நடந்தது? "கேட்டால் அம்மா அழுவாள்" என்று மகள் கேட்பதில்லை. "சொன்னால் பிள்ளை பயப்படும்" என்று தாய் சொல்வதில்லை. இப்படி எத்தனை வீடுகள்!

மட்டக்களப்பில் ஒரு பூங்கா

இலங்கையின் மட்டக்களப்பில் 1996-ல் 'வண்ணத்துப்பூச்சிப் பூங்கா' தொடங்கியது. பால் சற்குணநாயகம் என்ற பாதிரியாரும், கனடா நாட்டுக் கலைஞர் பால் ஹோகனும் இதற்கு முன்நின்றவர்கள். போரில் அடிபட்ட தமிழ், முஸ்லிம் பிள்ளைகள் அங்கே சேர்ந்து விளையாடினார்கள். களிமண் பிசைந்தார்கள். படம் வரைந்தார்கள். கதை கட்டினார்கள். கைக்கு வேலை இருந்தால் வாய்ப்பூட்டு மெல்லத் திறக்கும்.

வீட்டிலேயே செய்யலாம்

இதற்குப் பூங்கா வேண்டுமா? பரணில் கிடக்கும் பல்லாங்குழியே போதும். பலகை இல்லையா? மணலில் 14 குழி தோண்டினால் ஆயிற்று. சோழியோ புளியங்கொட்டையோ, குழிக்கு ஐந்து போடுங்கள். ஒரு குழியில் நான்கு சேர்ந்தால் அது 'பசு' அல்லவா? பசு எடுத்தவர் ஒரு கேள்வி கேட்கலாம். இது புது விதி!

எடுத்த எடுப்பில் சாவைப் பற்றிக் கேட்கக் கூடாது. "அம்மா, நீங்க பள்ளிக்கூடத்துக்கு எப்படிப் போவீங்க?" என்று தொடங்கலாம். தாயும் மகளைக் கேட்கலாம்: "வெடிச் சத்தம் கேட்டா உனக்கு என்ன செய்யுது?" இருவர் கண்ணும் குழியில் இருக்கும். முகம் பார்க்க வேண்டியதில்லை. அதுவே பாதித் தைரியம்.

இன்னொரு விதி, இதுதான் முக்கியம். "இண்டைக்கு வேண்டாம், பிள்ளை" என்று தாய் சொன்னால் அதோடு சரி. வற்புறுத்தக் கூடாது. ஆட்டம் தொடரட்டும்.

பேசியபின் தூக்கம் கெட்டாலோ, கெட்ட கனவு விடாமல் வந்தாலோ விளையாட்டு மட்டும் போதாது. மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். 14416 என்ற அரசு எண்ணுக்கு இலவசமாகப் போன் செய்யலாம். தமிழிலேயே பேசலாம்.