வேலைத்தலத்தில் வேதம் ஓதுவோரும் கேட்க விரும்பாதோரும்

எமது ஊர்களில் ஒருவர் கடவுளை நம்புகிறாரா இல்லையா என்று எவரும் துருவிக் கேட்பதில்லை. சமயம் என்பது பிறப்போடு வந்து சேர்ந்த ஒன்று. சைவக் குடும்பத்தில் பிறந்த நாத்திகர் ஒருவர் தேர்த்திருவிழாவன்று வெளிவீதியில் நின்று நண்பர்களோடு கடலை கொறித்துவிட்டு வீடு திரும்பலாம். கத்தோலிக்கக் குடும்பத்து இடதுசாரி ஒருவர் நத்தார் நள்ளிரவுப் பூசைக்குத் தாயாரை அழைத்துச் சென்று, தாம் மட்டும் வாசலில் காத்து நிற்கலாம். திருமணப் பேச்சு எழும்போதும் செத்த வீட்டிலும் மட்டுமே அவருடைய நம்பிக்கையின்மை ஒரு பிரச்சினையாகும். மற்றைய நாட்களில் அது அவருடைய சொந்த விடயமே.

புலம்பெயர்ந்து வாழும் நாடுகளில் அந்தக் கேள்வி எதிர்பாராத இடங்களில் எழுகின்றது. உணவகத்தின் பின்புறத்தில் கோப்பை கழுவும் தொட்டியடியில், முதியோர் இல்லத்தின் இரவுப் பணியில், துப்புரவு வேலைக்குச் செல்லும் அதிகாலை வாகனத்தில், "தம்பி, நீர் எந்தச் சபைக்குப் போறனீர்?" என்று அது தொடங்கும். மறுநாள் 'காவற்கோபுரம்' இதழின் தமிழ்ப் பிரதியொன்று சாப்பாட்டுப் பெட்டியின் அருகே வைக்கப்பட்டிருக்கும். வேறொருவர் ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு அழைப்பார். இன்னொருவர் சாயி பஜனைக்கு அழைப்பார். ஆவணி மாதம் நெருங்கும்போது தேருக்கான பற்றுச்சீட்டுப் புத்தகத்தோடு மூன்றாமவர் வந்து நிற்பார். இவர்களில் எவரும் தீய எண்ணம் கொண்டவர்கள் அல்லர் என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். தமக்கு ஆறுதல் தந்ததை மற்றவருக்கும் கொடுக்க விரும்புகிறார்கள். தனிமையிலும் விசா வழக்கின் இழுபறியிலும் மனமுடைந்து போயிருந்த பலரைத் தூக்கி நிறுத்தியவை இத்தகைய சபைகளும் ஆலயங்களுமே என்பதை மறுப்பதற்கில்லை.

ஆயினும், கேட்க விரும்பாதவருக்கு எட்டு மணி நேரமும் அதனைக் கேட்டுக்கொண்டிருக்க நேர்வது ஒரு துன்பமே. தெருவில் சந்திப்பவரிடமிருந்து விலகி நடந்துவிடலாம். வீட்டுக் கதவைத் தட்டுபவரிடம் 'வேண்டாம்' என்று சொல்லிக் கதவைச் சாத்திவிடலாம். தொட்டியடியில் நிற்பவர் எங்கே போவது?

இதனை வெறும் கருத்து முரண்பாடாக எடுத்துக்கொள்வோர் இதன் வேரைக் காணத் தவறுகின்றனர். எம்மவரிடையே இது பெரும்பாலும் கடன்பட்ட நன்றியின் பிரச்சினையாகும். நாம் அறிந்த இளைஞர் ஒருவர் பாரிஸ் நகரின் உணவகமொன்றில் வேலை செய்பவர். அந்த வேலையை எடுத்துக் கொடுத்தவர் ஊரவரான ஓர் அண்ணர். அகதி விண்ணப்பத்துக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தவரும், முதல் மூன்று மாதம் வாடகையின்றித் தம் அறையில் படுக்க இடம் கொடுத்தவரும் அவரே. அந்த அண்ணர் இப்போது ஒரு பெந்தெகொஸ்தே சபையின் ஊழியர். வெங்காயம் உரிக்கும் நேரம் முழுவதும் சாட்சி சொல்கிறார். இளைஞருக்குக் கடவுள் நம்பிக்கை பாடசாலைக் காலத்திலேயே போய்விட்டது. 'வேண்டாம்' என்று சொன்னால் நன்றிகெட்டவன் என்ற பெயர் வரும் என்று அஞ்சினார். எனவே தலையை ஆட்டினார். தலையாட்டல் இரண்டு ஞாயிறுகள் சபைக்குப் போவதில் முடிந்தது. அதன் பின்னர் ஞானஸ்நானத்துக்கு நாள் குறிக்கும் பேச்சு எழுந்தபோதுதான் விழித்துக்கொண்டார்.

இதனினும் கொடியது துயரத்தின்மீது தொடுக்கப்படும் பிரசங்கம். 2009 மே மாதத்தின் பின்னர் எமது சமூகத்தில் இழப்பில்லாத வீடு அரிது. இலண்டனில் துப்புரவுப் பணி செய்யும் பெண்மணி ஒருவரிடம், அவருடைய தம்பி காணாமற் போனதற்குக் குடும்பத்தின் விக்கிரக வழிபாடே காரணம் என்று சக தொழிலாளி ஒருவர் சொல்லியிருக்கிறார். அதே பெண்மணியிடம் இன்னொருவர், அது முற்பிறப்பு வினை என்றும் பரிகாரம் செய்யவேண்டும் என்றும் கூறியிருக்கிறார். எந்தச் சமயமும் இல்லாத அவர் இருவருக்கும் மறுமொழி சொல்லவில்லை. மலசலகூடத்தைக் கழுவும் சாட்டில் உள்ளே போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு அழுதார். மரணத்துக்கு விளக்கம் சொல்லும் உரிமையை இவர்களுக்கு யார் கொடுத்தார்கள் என்று எம்மிடம் கேட்டார். எம்மிடம் பதில் இருக்கவில்லை.

இத்தகைய நிலையில் என்ன செய்யலாம்? படித்தவர்கள் முதலில் செய்வது விவாதம். பயனற்ற வழியும் அதுவே. பிரசங்கம் செய்பவருக்கு எதிர்வாதம் என்பது அக்கறையின் அடையாளம். "கடவுள் இருந்தால் முள்ளிவாய்க்கால் ஏன்?" என்று நீங்கள் கேட்டால், அடுத்த நாள் அவர் அதற்குரிய வசனங்களைத் தேடி எடுத்துக்கொண்டு வருவார். உங்கள் கேள்வி அவருக்கு ஒரு கதவு. அதனைத் திறந்துவிட்டு உள்ளே வராதே என்று கோபிப்பதில் நியாயமில்லை. பொய் சாட்டுகளும் உதவா. 'இந்த ஞாயிறு வேலை இருக்கிறது' என்பது அடுத்த ஞாயிறுக்கான அழைப்பையே வரவழைக்கும்.

சொல்லவேண்டியது சுருக்கமாக இருக்கவேண்டும். காலந்தாழ்த்தாமல், தனியிடத்தில், மற்றவர்கள் கேளாதவாறு சொல்லப்படவேண்டும். நன்றியும் மறுப்பும் ஒன்றோடொன்று கலவாமல் அதில் தனித்தனியே நிற்கவேண்டும். மேலே சொன்ன இளைஞர் இறுதியில் சொன்னது இதுதான்: "அண்ணை, நீங்கள் செய்த உதவியை நான் ஒருநாளும் மறக்கமாட்டன். ஆனால் சமயக் கதை எனக்கு வேண்டாம். அதை விட்டிட்டு வேறை எதுவெண்டாலும் கதைப்பம்." அண்ணர் மூன்று நாட்கள் முகங்கொடுத்துப் பேசவில்லையாம். நான்காம் நாள் பந்தாட்டம் பற்றிப் பேச்சு வந்தது. மீண்டும் சமயப் பேச்சு எழுந்த இரண்டொரு தடவைகளிலும் இளைஞர் அதே வசனத்தைச் சொன்னாரேயன்றிப் புதிய காரணம் எதனையும் சேர்க்கவில்லை. காரணம் சொன்னால் அது விவாதத்துக்கான அழைப்பாகிவிடும் என்பதை அவர் தாமாகவே கண்டுகொண்டிருந்தார்.

சமமானவர்களிடையே இவ்வளவு போதும். பேசுபவர் மேற்பார்வையாளராகவோ முதலாளியாகவோ இருந்தால் நிலைமை வேறு. இந்த வேறுபாட்டை ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் இரண்டு வழக்குகளில் தெளிவாகப் பிரித்துக் காட்டியிருக்கிறது. இரண்டும் கிரேக்க நாட்டிலிருந்து வந்தவை. பிறரை மதம் மாற்ற முயல்வதை 1938 ஆம் ஆண்டுச் சட்டமொன்றின் மூலம் குற்றமாக்கிய நாடு அது.

முதல் வழக்கு 1993 இல் தீர்க்கப்பட்டது. வழக்காளி கொக்கினாக்கிஸ், கிரீற் தீவைச் சேர்ந்த யெகோவாவின் சாட்சி. தமது சமயத்தைப் பேசியதற்காக அறுபது தடவைகளுக்கு மேல் கைதானவர். அயலில் ஒரு பெண்மணியின் வீட்டுக்குச் சென்று சமயம் பேசியதற்காகத் தண்டிக்கப்பட்டார். அத்தண்டனை ஐரோப்பிய மனித உரிமைகள் சமவாயத்தின் 9 ஆம் உறுப்புரையை மீறுவது என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வேடிக்கை என்னவெனில், போதகர் ஒருவர் வென்ற அந்த வழக்கிலேயே, அவ்வுறுப்புரை நாத்திகருக்கும், ஐயங் கொண்டோருக்கும், சமயத்தில் அக்கறையற்றோருக்கும் உரிய பெறுமதியான பாதுகாப்பு என்று நீதிமன்றம் கூறியது. நம்பாதவர்கள் இன்றும் எடுத்துக்காட்டும் வாசகம் அதுவே.

இரண்டாவது, 1998 இல் தீர்க்கப்பட்ட லாரிசிஸ் வழக்கு. பெந்தெகொஸ்தே சபையைச் சேர்ந்த மூன்று விமானப்படை அதிகாரிகள் தமக்குக் கீழிருந்த படையினரிடமும் வெளியே பொதுமக்களிடமும் சமயம் பேசியதற்காகத் தண்டிக்கப்பட்டிருந்தனர். பொதுமக்களிடம் பேசியதற்கான தண்டனை தவறு என்றது நீதிமன்றம். கீழிருந்தவர்களிடம் பேசியதற்கான தண்டனையை அது ஏற்றுக்கொண்டது. மேலதிகாரி பேச்சைத் தொடங்கினால் கீழுள்ளவர் அதனைத் தட்டிக்கழிப்பதோ எழுந்து போவதோ எளிதன்று என்பதே காரணம். இராணுவத்தைப் பற்றிச் சொல்லப்பட்ட வார்த்தைகள் அவை. எனினும், வேலை நேரத்தைக் குறைக்கவோ கூட்டவோ அதிகாரமுள்ள ஒருவரின் கீழ், விசாவும் வேலையோடு பிணைந்திருக்க நிற்கும் அகதித் தொழிலாளிக்கு அவற்றின் பொருள் உடனே விளங்கும்.

சமவாயம் அரசுகளையே கட்டுப்படுத்துவது. முதலாளிமாரை நேரடியாகக் கட்டுப்படுத்துவன உள்நாட்டுச் சட்டங்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2000 ஆம் ஆண்டு நவம்பரில் பிறப்பித்த 2000/78 இலக்கப் பணிப்புரை, வேலைத்தலத்தில் சமயம் அல்லது நம்பிக்கை காரணமான பாகுபாட்டைத் தடைசெய்தது. ஒருவரின் கண்ணியத்தைக் குலைத்து, அச்சுறுத்துவதோ இழிவுபடுத்துவதோ ஆன சூழலை உருவாக்கும் விரும்பப்படாத நடத்தையும் பாகுபாடாகவே கருதப்படும் என்று அது சொல்கிறது. யேர்மனியில் 2006 ஆம் ஆண்டுச் சமநடத்தைச் சட்டம் இதனை நடைமுறைப்படுத்துகிறது. ஒன்றியத்தை விட்டு விலகிவிட்ட பிரித்தானியாவில் 2010 ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டம் நடைமுறையில் உள்ளது. அதன் 10 ஆம் பிரிவு, சமயம் இல்லாமையும் நம்பிக்கை இல்லாமையும் சமயத்தைப் போன்றே பாதுகாக்கப்படும் என்று வெளிப்படையாகவே சொல்கிறது. ஒன்றியத்தில் என்றுமே சேராத சுவிற்சர்லாந்தில், கடப்பாடுகள் சட்டத்தின் 328 ஆம் பிரிவு தொழிலாளியின் ஆளுமையை மதித்துக் காக்கும் பொறுப்பை முதலாளிமீது சுமத்துகிறது.

இங்கிலாந்தில் 2016 இல் மேன்முறையீட்டில் தீர்ந்த வழக்கொன்று எமது விடயத்துக்கு மிக நெருங்கியது. பொது மருத்துவ சேவையின் கிறிஸ்தவ மேலதிகாரி ஒருவர், தமக்குக் கீழ்ப் பணியாற்றிய முஸ்லிம் பெண்மணியைத் தேவாலய நிகழ்வுகளுக்கு அழைத்தார். அவர்மீது கைவைத்துச் செபித்தார். முஸ்லிம் பெண்ணொருவர் மதம் மாறிய கதையைக் கூறும் நூலொன்றைக் கொடுத்தார். இவற்றுக்காக அவர்மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்கப்பட்டது. அது தமது மத சுதந்திரத்தை மீறுவது என்ற அவருடைய வாதத்தைத் தீர்ப்பாயம் ஏற்கவில்லை. அவர் தண்டிக்கப்பட்டது நம்பியதற்காக அல்ல, பதவியின் எல்லையைத் தாண்டியதற்காகவே என்றது.

யேர்மனியில் எம்மவர் பலர் பணிபுரியும் முதியோர் இல்லங்களிலும் மருத்துவமனைகளிலும் கணிசமானவை கரித்தாஸ், டியக்கோனி ஆகிய தேவாலய நிறுவனங்களுக்குரியவை. சமநடத்தைச் சட்டத்தின் 9 ஆம் பிரிவு சமய நிறுவனங்களுக்குத் தனி விலக்களிக்கிறது. அவ்விலக்கு வரம்பற்றதன்று, குறித்த பணிக்குச் சமயம் உண்மையில் அவசியமா என்பதை நீதிமன்றங்கள் ஆராயலாம் என ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2018 இல் தீர்ப்பளித்தது. எவ்வாறாயினும், இத்தகைய இடங்களில் ஒப்பந்தத்தில் கையொப்பமிடுமுன் அதனை மொழி தெரிந்த ஒருவரைக்கொண்டு வாசித்தறிவது நன்று.

நம்பாதவர்கள் தரப்பிலும் ஒன்றைச் சொல்லவேண்டும். விரதமிருப்பவரின் முன்னால் மாட்டிறைச்சியை வேண்டுமென்றே விரித்துவைத்து உண்பவரையும், திருநீறு பூசி வந்தவரைப் பார்த்து 'என்ன, சுவருக்குச் சுண்ணாம்போ?' என்று கேட்பவரையும் நாம் கண்டிருக்கிறோம். மார்க்சியம் கற்ற நண்பர்கள் சிலர் மதிய உணவு வேளையில் நிகழ்த்தும் சொற்பொழிவுகள் எந்தப் பாதிரியாரின் பிரசங்கத்துக்கும் நீளத்தில் குறைந்தவை அல்ல. இலங்கையின் பெயர்பெற்ற பகுத்தறிவாளரான கலாநிதி ஆபிரகாம் கோவூர், 1963 இல் ஓர் இலட்சம் ரூபாயை வைத்து அற்புதம் செய்வோருக்குச் சவால் விட்டார். 1978 இல் அவர் மறையும்வரை எவரும் அதனை வெல்லவில்லை. அவர் சவால் விட்டது பொதுமேடையில், விரும்பி வந்தவர்களிடம். பக்கத்து மேசையில் சோறு உண்பவரிடம் அல்ல.

கோவூர் ஒரு காலத்தில் தாவரவியல் கற்பித்த யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி, 19 ஆம் நூற்றாண்டில் வெஸ்லியன் மிசனின் பாடசாலையாக இருந்த இடம். அங்கேதான் ஆறுமுக நாவலர் பேர்சிவல் பாதிரியாரின் கீழ் ஆசிரியராக இருந்து, விவிலியத்தைத் தமிழாக்கும் பணியிலும் அவருக்குத் துணைநின்றார். ஆண்டுக்கணக்காக வேதாகமத்தின் ஒவ்வொரு சொல்லையும் எடைபோட்டவர் சைவராகவே உள்ளே சென்று சைவராகவே வெளியே வந்தார். 1848 இல் வண்ணார்பண்ணையில் தமது சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். கிறிஸ்தவத்தைக் கண்டித்து அவர் எழுதியவை எவ்வளவு கடுமையானவை என்பதை வாசகர் அறிவர். ஆயினும் வேலை செய்த இடத்தில் இருவரும் வேலையைச் செய்தார்கள்.

செத்த வீட்டுக்கும் திருமணத்துக்கும் சக தொழிலாளியின் கோயிலுக்கோ தேவாலயத்துக்கோ போவதை நாம் இவற்றோடு சேர்க்கவில்லை. அது மனிதருக்காகப் போவது. தேர்க்காசு கொடுப்பதும் கொடாததும் அவரவர் விருப்பம். ஆனால் ஒருமுறை கொடுத்தால் பெயர் புத்தகத்தில் ஏறிவிடும் என்பதை நினைவிற் கொள்க.

சொல்லியும் நிறுத்தாதவர் விடயத்தில், திகதி, நேரம், சொல்லப்பட்ட வார்த்தைகள், அருகில் நின்றவர் யார் என்பவற்றை ஒரு கொப்பியில் உடனுக்குடன் குறித்து வைக்கவேண்டும். தமிழில் எழுதினாலும் போதும், பின்னர் மொழிபெயர்க்கலாம். முதலில் மேற்பார்வையாளரிடம், அவரே காரணமானால் தொழிற்சங்கப் பிரதிநிதியிடம் செல்லலாம். யேர்மனியில் முதலாளி ஒவ்வொருவரும் முறைப்பாட்டுக்கென ஓரிடத்தை ஒதுக்கியிருக்கவேண்டும் என்பது சட்டம். பதிவில்லாமல் வேலை செய்வோர் இவற்றில் எதனையும் நாட அஞ்சுவர். அவ்வச்சத்துக்குக் காரணம் உண்டு. அவர்களுக்கு எஞ்சியிருப்பது வேலைமுறையை மாற்றித் தரும்படி கேட்பதும், அதே சமையலறையில் நிற்கும் மற்றொரு தமிழரிடம் நிலைமையைச் சொல்லி, பேச்சு தொடங்கும்போது அதனை வேறு திசைக்குத் திருப்பும்படி கேட்டுக்கொள்வதுமே.