தெளிக்கும் முன் சம்மதம் கேட்கட்டும்

செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் வயலுக்கும் வந்துவிட்டன. படத்தைப் பார்த்து நோயைச் சொல்வதோடு, மோட்டாரை இயக்கவும், மருந்து தெளிக்கவும், இடுபொருள் வாங்கவும் இவற்றை இணைக்க முடிகிறது. எந்த வேலையைக் கருவியின் பொறுப்பில் விடலாம், எதை நிறுத்திவைத்து உழவரின் சம்மதம் பெறச் செய்ய வேண்டும் என்பதை முன்பே பிரித்துக்கொள்வது நல்லது.

திருத்தக்கூடியவை: வரவு செலவுக் கணக்கு, பாசன நினைவூட்டல் போன்றவை. தவறினால் மாற்றிக்கொள்ளலாம்.

திருத்த முடியாதவை: மருந்துத் தெளிப்பு, பணம் செலுத்துதல் போன்றவை. மக்காச்சோளத்தில் அகன்ற இலைக் களைகளுக்குத் தெளிக்கும் 2,4-டி மருந்து காற்றில் பரவிப் பக்கத்துப் பருத்தியில் சிறிதளவு பட்டாலும் இலைகள் குறுகிச் சுருங்கும், மகசூல் குறையும். தெளித்ததைத் திரும்ப எடுக்க வழியில்லை. கருவி களையைச் சரியாகக் கண்டறியலாம். அடுத்த வரப்பில் பருத்தி நிற்பதும், அன்றையக் காற்றின் திசையும் உழவருக்கே தெரியும்.

கவனிக்க வேண்டியவை:

1. கருவி மருந்தின் பெயர், அளவு, வயல், நேரம், செலவு ஆகியவற்றைக் காட்டி நிற்க வேண்டும்.

2. பதில் வராவிட்டால் வேலை நடக்கக் கூடாது. மௌனம் சம்மதமாகாது.

3. சிறு வேலைக்கெல்லாம் சம்மதம் கேட்டால், படிக்காமலே 'சரி' என்று அழுத்தும் பழக்கம் வந்துவிடும். திருத்த முடியாதவற்றுக்கு மட்டும் கேட்பதே பயன் தரும்.

4. இவ்வசதி உண்டா என்று வாங்கும்போதே விசாரித்து, இயக்கிக் காட்டச் சொல்லிப் பார்க்க வேண்டும்.

கைப்பேசியில் பணம் அனுப்பும்போது ரகசிய எண்ணை வேறு எவரிடமும் கொடுப்பதில்லை. களைக்கொல்லிக்கும் அதே எச்சரிக்கை தேவை.